உண்ணிக் காய்ச்சல், ரத்தப் பரிசோதனையே எடுக்கவில்லை: கிளினிக் மேல் புகார் நிற்குமா? இப்போ சிகிச்சை எப்படிப் போகணும்?

தாம்பரம்_செல்வி

லாப்ரடார், ஆண், 4 வயசு, 28 கிலோ. கிளினிக் பெயர் போடப் போறதில்லை, கேட்காதீங்க.

முதல் விசிட் சீட்டில் இருப்பது: காய்ச்சல் 104.2, சாப்பிடவில்லை, "டிக்ஸ் ++". கொடுத்தது தோலுக்கடியில் சலைன், செஃப்ட்ரியாக்சோன் ஊசி, மெலாக்சிகாம் (வலி, காய்ச்சல் மருந்து) ஊசி, பி காம்ப்ளெக்ஸ். அடுத்த ரெண்டு நாளும் அதே ஊசிகள். ரத்தம் எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டதுக்கு "வைரல் மாதிரி இருக்கு, பொறுங்க" என்று பதில். நாலாம் நாள் மூக்கில் ரத்தம், ஈறு வெளுப்பு, அடிவயிற்றில் குண்டூசித் தலை அளவு சிவப்புப் புள்ளிகள்.

வேறு மருத்துவரிடம் எடுத்த ரிப்போர்ட்: பிளேட்லெட் 18,000, பி.சி.வி (ரத்தத்தில் சிவப்பணு சதவீதம்) 19, வெள்ளணு 5,200. ஸ்மியரில் (கண்ணாடி ஸ்லைடில் பூசிய ரத்தத்தில்) ஒட்டுண்ணி தெரியலை. முதல் டாக்ஸிசைக்ளின் (உண்ணிக் காய்ச்சலுக்கான ஆன்டிபயாடிக்) மாத்திரைக்கு முன்னாடியே பி.சி.ஆருக்கு ரத்தம் எடுத்தாச்சு. ரிசல்ட் வரலை.

ரெண்டு கேள்வி. இப்போ என்ன கவனிக்கணும்? முதல் கிளினிக் செஞ்சது அலட்சியமா, இல்லை எந்த டாக்டருக்கும் நடக்கக்கூடிய தவறா?

சிப்பிப்பாறை (கால்நடை மருத்துவர்)

முதல் கேள்விதான் அவசரம். இரண்டாவது பிறகு.

மெலாக்சிகாம் இனி ஒரு சொட்டும் வேண்டாம். பிளேட்லெட் 18,000இல் நிற்கும் நாய்க்கு அது வயிற்றில் புண் உண்டாக்கினால் அந்த ரத்தம் நிற்காது. நீர்ச்சத்து குறைந்த நிலையில் சிறுநீரகத்துக்கும் அடி. காய்ச்சல் இருந்தால் ஈரத்துணி, மின்விசிறி, சலைன். டாக்ஸிசைக்ளின் சரியாக வேலை செய்தால் ஒன்று முதல் மூன்று நாளில் காய்ச்சல் தானே இறங்கும்.

தசை ஊசி எதையும் போட விடாதீர்கள், உள்ளே ரத்தம் கட்டும். ரத்தம் எடுப்பதென்றால் கால் நரம்பில். கழுத்து நரம்பில் எடுத்தால் அழுத்திப் பிடிப்பது கடினம். எடுத்த இடத்தை ஐந்து நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். கழுத்துப் பட்டையைக் கழற்றி மார்புப் பட்டை மாட்டுங்கள். எலும்பு, கடிக்கும் குச்சி, கயிறு இழுக்கும் விளையாட்டு எல்லாம் நிறுத்தம். குழைந்த சோறு போதும்.

டாக்ஸி அளவு: கிலோவுக்கு 10 மி.கி., தினம் ஒரு வேளை, அல்லது 5 மி.கி. வீதம் இரு வேளை. 28 கிலோவுக்கு நடைமுறையில் 150 மி.கி. காலை, 150 மி.கி. இரவு. மொத்தம் 28 நாள். வெறும் வயிற்றில் தந்தால் வாந்தி. மாத்திரை தொண்டையில் தங்கினால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும், ஆகவே சாப்பாட்டோடு தந்து பின்னாலேயே தண்ணீர் குடிக்க வையுங்கள். இரும்புச்சத்து டானிக்கும், வயிற்றுப் புண்ணுக்குத் தரும் சுக்ரால்ஃபேட்டும் டாக்ஸியை உறிஞ்ச விடாது. அவற்றுக்கும் டாக்ஸிக்கும் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி. இதைச் சீட்டில் எழுதாமல் விடும் டாக்டர்கள் நிறையப் பேர், என் சகாக்கள் உட்பட.

பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியவை: மலம் தார் போல் கறுத்தால் வயிற்றுக்குள் ரத்தம் போகிறது. சிறுநீர் காப்பி நிறமானால் சிவப்பணு உடைகிறது, அது எர்லிக்கியாவைவிட பேபிசியாவின் வேலை (இரண்டும் உண்ணி பரப்பும் கிருமிகள்; முதலாவது வெள்ளணுவில், இரண்டாவது சிவப்பணுவில் வாழும்). ஈறைக் கட்டைவிரலால் அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். பி.சி.வி தினமும் ஒருமுறை. 15ஐ நெருங்கினாலோ, 19இலேயே மூச்சு வாங்கி எழ முடியாமல் கிடந்தாலோ ரத்தம் ஏற்ற வேண்டும்.

கோவை_ராஜ்

செஃப்ட்ரியாக்சோன் பெரிய ஆன்டிபயாடிக் தானே டாக்டர்? மனுஷங்களுக்கே ஐ.சி.யூ.வில் போடுறாங்க. அது ஏன் கேட்கலை?

சிப்பிப்பாறை

பெரிது சிறிது என்பதில்லை, ராஜ். செஃப்ட்ரியாக்சோன் பாக்டீரியாவின் செல் சுவர் கட்டுமானத்தைத் தாக்கும் மருந்து. எர்லிக்கியாவுக்கு அந்தச் சுவரே கிடையாது. போதாததற்கு அது நாயின் வெள்ளணுவுக்குள் போய் உட்கார்ந்திருக்கும். டாக்ஸி செல்லுக்குள் நுழைந்து கிருமியின் புரத உற்பத்தியை நிறுத்துவதால் வேலை செய்கிறது. என்ரோஃப்ளாக்சசினும் எர்லிக்கியா கேனிஸுக்குப் பயனில்லை, ஆனால் நம் ஊரில் அதையும் தாராளமாகப் போடுகிறார்கள்.

மறுபக்கம்

கிளினிக்கில் வேலை பார்க்கும் ஆள் என்ற முறையில் ஒரு வார்த்தை. இங்கே எல்லாரும் சேர்ந்து ஒரு டாக்டரைத் தூக்கில் போடும் முன் யோசிங்க. 104 காய்ச்சலோட வர்ற நாய்க்கு முதல் நாள் சி.பி.சி (ரத்த அணுக்கள் எண்ணிக்கை) எழுதினா, பத்துல ஏழு பேர் "ஊசி மட்டும் போடுங்க டாக்டர், டெஸ்ட் அப்புறம் பார்ப்போம்"னுதான் சொல்றாங்க. மூணு நாள் கழிச்சு நாய் படுத்தா, "டெஸ்ட் ஏன் எடுக்கலை?"ன்னு சண்டை. அதுவும் போக, எர்லிக்கியா முதல் வாரத்துல ஸ்மியர்ல தெரியாது, ஆன்டிபாடி கிட்லயும் வராது. எடுத்திருந்தாலும் "நெகட்டிவ்"னு வந்து அதே சிகிச்சைதான் நடந்திருக்கும்.

சிப்பிப்பாறை

உங்கள் பேச்சில் பாதி சரி.

ஆன்டிபாடி கிட் முதல் ஓரிரு வாரத்தில் நெகட்டிவ் காட்டலாம், உண்மை. ஸ்மியரில் மொருலா (வெள்ளணுவுக்குள் தெரியும் எர்லிக்கியாக் கொத்து) கிடைப்பது அபூர்வம், அதுவும் உண்மை. இங்கே பேச்சு எர்லிக்கியாவைக் கண்ணால் பார்ப்பது பற்றியதல்ல. சி.பி.சி எடுத்திருந்தால் பிளேட்லெட் குறைவு அன்றைக்கே தெரிந்திருக்க நல்ல வாய்ப்பு. சென்னைப் பக்கத்தில் உண்ணி, காய்ச்சல், பிளேட்லெட் குறைவு மூன்றும் சேர்ந்தால் வேறு நிரூபணம் இல்லாமலே டாக்ஸி ஆரம்பிப்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட வழி. பரிசோதனைக்கு உரிமையாளர் சம்மதிக்கவில்லை என்றால், பரிசோதனை இல்லாமலே டாக்ஸி தரலாம். அதையும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

இந்த கேஸில் பரிசோதனையும் இல்லை, டாக்ஸியும் இல்லை. சீட்டில் "டிக்ஸ் ++" என்று தன் கையாலேயே எழுதிவிட்டு, ரத்த எண்ணிக்கை தெரியாமல் மூன்று நாள் மெலாக்சிகாம். எனக்கு உறுத்துவது இந்த மூன்றாவது விஷயம்தான். முதல் நாள் போட்டதை நான் மன்னிப்பேன். காய்ச்சல் இறங்காத நாயிடம் மறுநாளும் அதையே திருப்பிப் போட்டதற்குக் காரணம் சொல்ல முடியாது.

உரிமையாளர் மறுத்தார் என்றால் சீட்டில் "பரிசோதனை பரிந்துரைக்கப்பட்டது, மறுத்துவிட்டார்" என்று எழுதி கையெழுத்து வாங்க அரை நிமிடம் ஆகும். அது எழுதப்படாத இடத்தில் "அவர்தான் வேண்டாம் என்றார்" என்ற வாதம் எடுபடாது. இங்கே செல்வி பரிசோதனையைக் கேட்டே இருக்கிறார்.

தாம்பரம்_செல்வி

முதல் கிளினிக்கிலிருந்து வாட்ஸ்அப் பதில்: "பிளேட்லெட் 18,000 என்பது மெஷின் எரர். நாய் ரத்தத்தில் பிளேட்லெட் கட்டி கட்டியாகச் சேர்ந்துவிடும், மெஷின் குறைத்துக் காட்டும். எங்கள் சிகிச்சையில் தவறு இல்லை." இதுக்கு என்ன சொல்றது?

கண்ணாடிச்_சில்லு (லேப்)

மெஷின் குறைச்சுக் காட்டும்ங்கிறது நிஜம்தான். ஆனா அதை வாயால தீர்மானிக்க முடியாது, ஸ்லைடைப் பார்த்தாத் தீர்ந்துபோகும்.

லேப்ல கேளுங்க: ஸ்மியர் ஸ்லைடு வச்சிருக்காங்களா? இருந்தா ரெண்டு விஷயம் பார்க்கச் சொல்லுங்க. ஒண்ணு, ஸ்மியரோட மெலிஞ்ச கடைசி விளிம்புல பிளேட்லெட் கொத்து கொத்தா நிக்குதா. கொத்து இருந்தா மெஷின் நம்பரை நம்ப முடியாது. ரெண்டு, சிவப்பணு ஒத்தை அடுக்கா பரவியிருக்கிற இடத்துல, 100 எக்ஸ் எண்ணெய் லென்ஸ்ல தெரியிற பத்து வட்டம் எண்ணி சராசரி. ஒரு வட்டத்துக்கு ஒரு பிளேட்லெட்னா சுமாரா 15,000லருந்து 20,000. ஆரோக்கியமான நாய்க்கு வட்டத்துக்குப் பத்துக்கு மேல இருக்கணும். 18,000 நிஜம்னா ஒரு வட்டத்துக்கு ஒண்ணு கிடைக்கிறதே பெரிசு.

சந்தேகம் தீரலைன்னா மறுபடி எடுக்கும்போது நீல மூடி சிட்ரேட் குழாயில ஒண்ணு எடுத்து, வர்ற நம்பரை 1.1ஆல பெருக்கிக்கலாம். ஈ.டி.டி.ஏவால (ஊதா மூடிக் குழாயில ரத்தம் உறையாம வைக்கிற மருந்து) வர்ற கொத்து அதுல பெரும்பாலும் வராது.

தப்பு எங்கெல்லாம் நடக்குதுன்னா: ஊசியில் ரத்தம் மெதுவா ஏறி, குழாய்க்கு வர்றதுக்குள்ளயே பாதி உறைஞ்சிடுது. ஊதா மூடிக் குழாயை எட்டுப் பத்து தடவை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தணும். சில பேர் சாஸ் பாட்டில் மாதிரி குலுக்குவாங்க, சில பேர் தொடவே மாட்டாங்க. ஒரு மி.லி. குழாயில கால் மி.லி. ரத்தம் விட்டா ஈ.டி.டி.ஏ அதிகமாகி சிவப்பணு சுருங்கும், பி.சி.வி குறைஞ்சு வரும். மனுஷ லேப்ல நாய் செட்டிங் இல்லாத மெஷின்ல ஓட்டுறதும் நடக்குது. ரிப்போர்ட்ல நார்மல் அளவுன்னு பக்கத்துல அச்சடிச்சிருக்கிறது மனுஷனோடதா நாயோடதான்னு பாருங்க. நாய்க்கு பிளேட்லெட் ஏறக்குறைய 2 லட்சத்திலருந்து 5 லட்சம்.

இன்னொண்ணு. மூக்குல ரத்தம், வயித்துல புள்ளி இருக்கிற நாய்க்கு "மெஷின் எரர்"னு சொல்றது கொஞ்சம் ஓவர். அந்தப் புள்ளியை எந்த மெஷினும் போடலை.

மறுபக்கம்

கடைசி வரி நியாயம். அந்த பதில் நான் எழுதியிருந்தா அப்படி எழுதியிருக்க மாட்டேன்.

தெருநாய்த்_தோழி

செல்வி, வயித்துப் புள்ளிகளை வெளிச்சத்துல போட்டோ எடுத்து வைங்க, பக்கத்துல ஒரு ரூபாய் நாணயம் வச்சு. ஒரு வாரத்துல மறைஞ்சிடும். ஈறு போட்டோ ஃபிளாஷ் இல்லாம எடுங்க, ஃபிளாஷ் போட்டா எல்லா ஈறும் வெளுப்பாத்தான் தெரியும்.

ஸ்மியரை மறுபடி எடுக்கச் சொன்னா, காது நுனி ரத்தத்துல எடுக்கச் சொல்லுங்க. பேபிசியா இருக்கிற சிவப்பணு மெல்லிய நாளங்கள்ல தேங்கி நிக்கும், கால் நரம்பு ரத்தத்துல தெரியாதது அங்க சிக்கும். ஆனா பிளேட்லெட் இந்த அளவுல இருக்கும்போது காதைக் குத்தினா நிக்கிற வரைக்கும் பஞ்சு வச்சு அழுத்திட்டே இருக்கணும்.

தாம்பரம்_செல்வி

ஸ்லைடு லேப்ல இருந்தது. கொத்து இல்லை, பத்து வட்டத்துக்கு மொத்தம் ஒன்பது பிளேட்லெட் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்துட்டாங்க.

பி.சி.ஆர்: எர்லிக்கியா கேனிஸ் பாசிட்டிவ், பேபிசியா கிப்சோனி பாசிட்டிவ். பி.சி.வி இன்னைக்கு 15. பெரெனில் ஊசி போட்டா ரெண்டு நாளில் சரியாகும்னு பக்கத்து வீட்டுக்காரர் சொல்றார்.

சிப்பிப்பாறை

வேண்டாம். பெரெனில் என்பது டிமினசீன். பெரிய பேபிசியாவுக்கு, அதாவது சிவப்பணுவுக்குள் பேரிக்காய் வடிவில் ஜோடியாகத் தெரியும் வகைக்கு, அது வேலை செய்யும். கிப்சோனி சிறிய வகை, மோதிரம் போல இருக்கும். டிமினசீனோ இமிடோகார்போ தந்தால் நாய் எழுந்து நடக்கும், ஆனால் ஒட்டுண்ணி உள்ளே மிச்சம் இருக்கும், சில வாரம் கழித்துத் திரும்ப வரும். டிமினசீனுக்கு மருந்தளவுக்கும் விஷ அளவுக்கும் இடையே தூரம் மிகக் குறைவு. கூடினால் மூளையில் ரத்தக்கசிவு, தள்ளாட்டம், வலிப்பு. எடை பார்க்காமல் உத்தேசமாக "ரெண்டு மி.லி." என்று போடும் இடங்களில்தான் இது நடக்கிறது.

கிப்சோனிக்கு முதல் தேர்வு அட்டோவாகோன் கூடவே அசித்ரோமைசின், பத்து நாள். அட்டோவாகோன் கிலோவுக்கு 13.3 மி.கி., எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. 28 கிலோவுக்கு ஏறத்தாழ 370 மி.கி. 5 மி.லி.யில் 750 மி.கி. உள்ள திரவ மருந்து என்றால் ஒரு வேளைக்கு இரண்டரை மி.லி. கொழுப்புள்ள சாப்பாட்டோடு தந்தால்தான் குடல் அதை உறிஞ்சும், ஒரு கரண்டி நெய் அல்லது முட்டை மஞ்சள் கரு சேருங்கள். அசித்ரோமைசின் கிலோவுக்கு 10 மி.கி., தினம் ஒரு முறை. மலேரியாவுக்கு விற்கும் அட்டோவாகோன் மாத்திரையில் ப்ரோகுவானிலும் சேர்ந்திருக்கும், அது நாய்க்கு வாந்தி வரவைக்கும். தனி அட்டோவாகோன் கிடைக்காவிட்டால் கிளிண்டமைசின், மெட்ரோனிடசோல், டாக்ஸி மூன்றையும் சேர்த்து நீண்ட நாள் தரும் வழி உண்டு. மெதுவானது, ஆனால் வழி. டாக்ஸி எப்படியும் 28 நாள் ஓடும்.

பி.சி.வி 15 என்றால் இன்றைக்கே ரத்தம். இரண்டு நாளுக்குப் பிறகு பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சென்னையில் வேப்பேரி மெட்ராஸ் கால்நடைக் கல்லூரி மருத்துவமனையில் விலங்கு ரத்த வங்கி இருக்கிறது, முதலில் அங்கே கேளுங்கள்.

கணக்கு: கிலோவுக்கு 2 மி.லி. முழு ரத்தம் பி.சி.வி.யை ஒன்று உயர்த்தும். 450 மி.லி. பை என்றால் 28 கிலோ நாய்க்கு எட்டு உயரும், 15 என்பது 23 ஆகும். முதல் அரை மணி மெதுவாக ஓட்டி வெப்பநிலை, மூச்சு, முகவீக்கம் பார்க்க வேண்டும். மொத்தமும் நான்கு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். இதனால் பிளேட்லெட் ஏறும் என்று எதிர்பார்க்காதீர்கள். குளிரூட்டி வைத்த ரத்தத்தில் வேலைக்காகும் பிளேட்லெட் இருக்காது.

தெருநாய்த்_தோழி

வீட்டு நாய் எதையாவது டோனரா கூட்டிட்டுப் போறதா இருந்தா: 25 கிலோவுக்கு மேல, ஒண்ணு முதல் எட்டு வயசு, தடுப்பூசி முடிஞ்சிருக்கணும், இதுவரைக்கும் ரத்தம் ஏத்தினதா இருக்கக் கூடாது. முக்கியமா உண்ணி நோய்ப் பரிசோதனை. கிப்சோனி ரத்தம் மூலமாவும் பரவும், நாய்ச் சண்டையில கடி மூலமாவும் பரவும். "நல்லாத்தானே ஓடுது"ன்னு தெருவில சண்டை போடுற நாயை டோனராப் பிடிச்சிட்டு வராதீங்க.

முதல் தடவை ஏத்துறதா இருந்தாலும் கிராஸ் மேட்ச் (ரெண்டு ரத்தமும் ஒத்துப்போகுமான்னு பார்க்கிற சோதனை) செஞ்சிடறது நல்லது.

நுகர்வோர்_நண்பன் (வழக்கறிஞர்)

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நாய் உயிரோடிருப்பதால் அவசரமில்லை, நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டு காலவரம்பு உண்டு. ஆனால் காகிதங்களுக்கு அவசரம் உண்டு.

கிளினிக்குக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். கோபம் வேண்டாம், கேள்வி மட்டும். ஒவ்வொரு வருகையின் தேதி, நேரம், பரிசோதித்த மருத்துவர் பெயர், கால்நடை மருத்துவக் கவுன்சில் பதிவு எண், கொடுத்த ஒவ்வொரு மருந்தின் பெயர், மி.கி. அளவு, செலுத்திய வழி, யார் ஊசி போட்டது, கேஸ் ஷீட் நகல். ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்டில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று. 72 மணி நேரத்தில் ஆவணம் தர வேண்டும் என்று இணையத்தில் பலர் எழுதுவார்கள். அது 2002ஆம் ஆண்டு வந்த, மனிதர்களுக்கான மருத்துவர்களின் ஒழுங்குமுறையில் உள்ளது. கால்நடை மருத்துவருக்கு எழுதும் கடிதத்தில் அதைக் காட்டினால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதல் பத்தியிலேயே சிரிப்பார்.

அந்த வாட்ஸ்அப் பதிலை அழிக்காதீர்கள். தொலைபேசியை மாற்றினால் பழையதைப் பத்திரமாக வையுங்கள். மின்னணுச் சான்றுக்கு பாரதிய சாட்சிய அதினியம் 63ஆம் பிரிவின் கீழ் சான்றிதழ் இணைக்க வேண்டும், முன்பு பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி என்று சொல்லிக்கொண்டிருந்தோமே, அதுதான்.

முறையிடும் இடங்கள் இரண்டு, வேலையும் வேறு வேறு. தமிழ்நாடு மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சில், தொழில் ஒழுக்கத்தைப் பார்க்கும். இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம் 1984இல் வந்தது, 1992இல் தொழில் நடத்தை விதிகள் வந்தன. கவுன்சில் உங்களுக்கு ஒரு பைசா வாங்கித் தராது. பணம் கேட்பதென்றால் நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், இணையவழியிலும் முடியும். கட்டணம், நீங்கள் கேட்கும் இழப்பீட்டை வைத்தல்ல, கிளினிக்குக்குச் செலுத்திய தொகையை வைத்துக் கணக்கிடப்படும். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. 1915 உதவி எண்ணில் முதலில் பதிவு செய்தால் சில கிளினிக்குகள் அந்தக் கட்டத்திலேயே பேச வரும்.

கோவை_ராஜ்

சார், டாக்டர் தப்பா நோய் கண்டுபிடிச்சாலே அலட்சியம் தானே? இதுல யோசிக்க என்ன இருக்கு?

நுகர்வோர்_நண்பன்

இல்லை. 1995இல் சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவ சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2005இல் ஜேக்கப் மாத்யூ வழக்கில், கணிப்புப் பிழை மட்டும் அலட்சியம் ஆகாது, அதே துறையில் சாதாரணத் திறமையுள்ள ஒருவர் அந்தச் சூழலில் செய்திருக்கக் கூடியதைச் செய்தாரா என்பதே அளவுகோல் என்று சொன்னது. இரண்டும் மனித மருத்துவ வழக்குகள். கால்நடை மருத்துவ வழக்குகளிலும் வாதம் அந்தப் பாதையில்தான் போகும்.

ஆகவே "வைரல் என்று தவறாகச் சொன்னார்" என்பதை மையமாக வைத்தால் தோற்பீர்கள். சிப்பிப்பாறை டாக்டர் மேலே பிரித்துச் சொன்னதுதான் உங்கள் வழக்கு: உண்ணியைக் கண்டு எழுதியவர், உரிமையாளர் கேட்டும் ரத்தம் பார்க்காதவர், உண்ணி நோய்க்கான மருந்தும் தராதவர், முன்னேற்றம் இல்லாத நாய்க்கு அதே ஊசிகளைத் திருப்பிப் போட்டவர், வேறிடம் அனுப்பாதவர். அவர் கையெழுத்தே உங்களுக்குச் சான்று.

நிபுணர் கருத்து என்பதுதான் பலரும் தடுக்கி விழும் இடம். "முதல் டாக்டர் அலட்சியமாக இருந்தார்" என்று இன்னொரு டாக்டர் எழுதித் தர மாட்டார், கேட்டு அவரைச் சங்கடப்படுத்தவும் வேண்டாம். வந்து சேர்ந்த நேரம், அப்போதைய நிலை, எண்ணிக்கைகள், தொடங்கிய சிகிச்சை, இவ்வளவை மட்டும் எழுதித் தரச் சொல்லுங்கள். கருத்தை ஆணையம் வேறொருவரிடம் கேட்டுக்கொள்ளும்.

மறுபக்கம்

ஒரு சந்தேகம் சார். சேரும்போது "எந்த விளைவுக்கும் கிளினிக் பொறுப்பல்ல"ன்னு எல்லாரும் கையெழுத்துப் போடுறாங்களே?

நுகர்வோர்_நண்பன்

மயக்க மருந்தின் அபாயம், அறுவையின் அபாயம் தெரிந்து சம்மதித்தார் என்பதற்கு அது சான்று. அலட்சியத்துக்கு முன்கூட்டியே மன்னிப்பு வழங்கிய பத்திரம் ஆகாது.

செல்விக்கு இன்னொரு எச்சரிக்கை. மேப்பில் விமர்சனம் எழுதப் போகிறீர்கள் என்றால் நடந்ததை மட்டும் எழுதுங்கள்: தேதி, கொடுத்த மருந்து, வெளியே வந்த எண்ணிக்கை. "கொலைகாரன்", "போலி டாக்டர்" என்று எழுதினால் பாரதிய நியாய சன்ஹிதா 356ஆம் பிரிவில் அவதூறு வழக்கு உங்கள் மேல் திரும்பும். போலியா என்ற சந்தேகம் உண்மையிலேயே இருந்தால் பதிவு எண்ணைக் கவுன்சிலில் சரிபாருங்கள். காவல் நிலையம் இப்போது வேண்டாம். விலங்கை ஊனப்படுத்தும் குற்றத்துக்கு உள்நோக்கம் வேண்டும், இங்கே அது இல்லை.

தாம்பரம்_செல்வி

கேஸ் ஷீட் நகல் வந்தது. மூணு நாளுக்கும் ஒரே வரி: "இன்ஜெக்‌ஷன் கிவன், ரிவ்யூ டுமாரோ." மருந்துப் பெயரே இல்லை. பதிவு எண் இல்லை. ஆனா பில்லில் மருந்துப் பெயர்கள் இருக்கு.

ரத்தம் ஏத்தியாச்சு, பி.சி.வி 22. அட்டோவாகோன் கிடைச்சது. காய்ச்சல் 102.1. சாப்பிடுது.

நுகர்வோர்_நண்பன்

பில் போதும். ஜி.எஸ்.டி எண், மருந்துப் பெயர், தேதி மூன்றும் ஒரே தாளில். கேஸ் ஷீட்டில் மருந்தே எழுதாதது தனிக் குறை, அதைக் கவுன்சில் புகாரில் முதல் பத்தியாக வையுங்கள்.

இழப்பீடாக இரண்டாவது மருத்துவச் செலவு, ரத்தம் ஏற்றிய செலவு, பயணம், மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை கேளுங்கள். எர்லிக்கியாவுக்கான டாக்ஸி செலவு எப்படியும் வந்திருக்கும், அதைச் சேர்க்காதீர்கள். சேர்த்தால் மற்ற கணக்கின் மேலும் சந்தேகம் வரும்.

சிப்பிப்பாறை

102.1 நல்ல எண். டாக்ஸி முதல் ஓரிரு வாரத்தில் பிளேட்லெட்டை ஏற்றும். 7ஆம், 14ஆம் நாளில் சி.பி.சி, 28ஆம் நாளில் இன்னொன்று. கிப்சோனி போய்விட்டதா என்பதை அட்டோவாகோன் முடிந்த மறுநாள் பார்ப்பதில் பயனில்லை. சிகிச்சை முடிந்து 60ஆம் நாளும் 90ஆம் நாளும் பி.சி.ஆர், இரண்டும் நெகட்டிவ் என்றால்தான் நம்பலாம். எர்லிக்கியா ஆன்டிபாடி கிட் மாதக்கணக்கில் பாசிட்டிவாகவே இருக்கும், அதை வைத்து மறுபடி டாக்ஸி ஆரம்பிக்கும் கிளினிக்குகளிடம் மாட்டாதீர்கள்.

யாராவது "பிளேட்லெட் ஏறட்டும்" என்று டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட வந்தால் கேள்வி கேளுங்கள். உடலே பிளேட்லெட்டை அழிக்கும் நிலையில் சில நாள் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு தருவதுண்டு, அது யோசித்து எடுக்கும் முடிவு. மெலாக்சிகாம் போட்ட நாய்க்கு ஸ்டீராய்டும் சேர்ந்தால் குடல் புண்ணுக்கு வழி. ஸ்டீராய்டு போட்டதும் பசி எடுக்கும், காய்ச்சல் விழும், எல்லாரும் சந்தோஷப்படுவார்கள். உள்ளே எதுவும் மாறியிருக்காது.

தெருநாய்த்_தோழி

வீட்டைச் சுத்தம் பண்ணாம விட்டா இதே இழை மூணு மாசத்துல மறுபடி வரும். பழுப்பு நாய் உண்ணி செடியில இருக்குன்னு தோட்டத்துக்கு மருந்து அடிக்கிறாங்க. அது இருக்கிறது சுவர் விரிசல்ல, கதவுச் சட்டத்துல, கட்டில் அடியில. மேல ஏறிப் போய் முட்டை வைக்கும், ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில வைக்கும். தரையை மட்டும் துடைச்சா பிரயோசனம் இல்லை. விரிசலை சிமென்ட் வச்சு அடைங்க, சுவர் இடுக்கு, கூரை ஓரம் வரைக்கும் மருந்து அடிக்கணும், ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி.

நாய்க்கு உண்ணி வராம இருக்க ஃப்ளூரலானர் மாத்திரைன்னா 12 வாரம், அஃபாக்சோலானர்னா மாசம் ஒண்ணு. வலிப்பு இருந்த நாய்னா இந்த வகை மாத்திரைக்கு முன்னாடி டாக்டரைக் கேட்டுக்கணும். 12.5 சதவீத அமிட்ராஸ் (உண்ணி மருந்து) கரைசல்னா லிட்டருக்கு 2லருந்து 4 மி.லி., அதுக்கு மேல ஊத்தாதீங்க. நோயில் இருக்கிற நாயை இப்போ குளிப்பாட்ட வேண்டாம்.

தாம்பரம்_செல்வி

வீட்டில் பூனை ஒண்ணும் இருக்கு. அதுக்கும் அதே ஸ்ப்ரே போடலாமா?

தெருநாய்த்_தோழி

போடவே கூடாது. பெர்மெத்ரின் இருக்கிற நாய் மருந்து பூனைக்கு விஷம், அமிட்ராஸும் ஆகாது. ஸ்ப்ரே அடிச்ச அறை முழுசாக் காய்ற வரைக்கும் பூனையை வேற அறையில வைங்க. பூனைக்குக் காய்ச்சல் வந்தாலும் வீட்டில இருக்கிற பாராசிட்டமாலைத் தொடாதீங்க, அரை மாத்திரையே கொன்னுடும்.

சிப்பிப்பாறை

ஒன்று விட்டுப்போனது. பிளேட்லெட் இரண்டு லட்சம் வந்ததும் டாக்ஸியை நிறுத்தச் சொல்வார்கள், இரண்டாம் வாரமே வந்துவிடும். 28 நாளும் கொடுங்கள். பாதியில் நிறுத்திய நாய்களில் கிருமி மண்ணீரலில் தங்கி, மாதங்கள் கழித்து எலும்பு மஜ்ஜையைப் பாதித்த நிலையில் திரும்பி வருவதுண்டு. அந்தக் கட்டத்தில் டாக்ஸிக்கும் சரியாகக் கேட்காது.